யார் செய்த குற்றம்?

பள்ளி திறக்கும் ஜூன் திங்களில், சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஆசிரியர்களாகிய நாம் அமர்கிறோம். மேசைக்கு எதிரே ஒரு தாய். அவள் சேலைத் தலைப்பைப் பற்றியபடி ஒரு பிள்ளை. பெயர் என்ன, பிறந்த நாள் எது, பிறந்த ஊர் எது, சான்றிதழ் எங்கே என்று வரிசையாகக் கேட்கிறோம். தாய் தயங்கித் தயங்கி விடை கூறுகிறாள். பிள்ளையோ மேசை மீது கிடக்கும் வண்ணப் பென்சிலையே பார்த்துக் கொண்டிருக்கிறது. தன் எதிர்காலம் அந்தத் தாளில் எழுதப்படுகிறது என்பதை அது அறியாது.

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கலாகாது என்று கூறுகிறது. ஆகவே சான்றிதழ் இல்லாத பிள்ளையின் பெயரையும் எழுதிக் கொள்கிறோம். ஆனால், "இந்தப் பிள்ளையின் பெற்றோர் எந்த எல்லையை எப்படிக் கடந்து வந்தனர்? அதற்கு அனுமதிச் சீட்டு உண்டா? இல்லையேல் பிள்ளையை வெளியே அனுப்பு!" என்று ஓர் அரசு கட்டளையிட்டால், ஆசிரியன் என்ன செய்வான்?

கற்பனைக் கேள்வி அல்ல இது. உலகின் மிகப் பெரிய செல்வ நாடாகிய அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் பள்ளி வாயிலில், 1977-ம் ஆண்டு எழுந்த கேள்வி. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்த நாடு இதற்கு ஒரு நாள் ஒரு விடையும் மறுநாள் வேறொரு விடையும் சொல்லிக் கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்தும் கொடுமையை எதிர்க்கக் கற்றவர்கள் நாம். அந்தக் கொடுமை வேறு நாட்டில், வேறு உடையில், வேறு மொழியில் வந்து நின்றாலும் நமக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

டைலர் நகரத்து வழக்கு

1975-ம் ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் தன் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. முறைப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநில அரசின் பணம் கிடைக்காது. அத்தகைய பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கவும் பள்ளி வட்டாரங்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற டைலர் என்னும் நகரத்தில், தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைக்க மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்ந்தன. அந்நகரப் பள்ளி வட்டாரம் 1977-ல் ஒரு தீர்மானம் செய்தது. தாள் இல்லாத பிள்ளை படிக்க வேண்டுமானால், ஆண்டுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும்! தோட்டக் கூலி 1,000 டாலருக்கு எங்கே போவான்? கட்டணம் என்ற பெயரில் கதவைத்தான் அடைத்தனர். ஏறத்தாழ 16,000 மாணவர்கள் படித்த அந்த வட்டாரத்தில், இப்படித் தடுக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் அறுபது பேர்! அறுபது பிள்ளைகள் அமர்வதால் கருவூலம் காலியாகிவிடும் என்று அஞ்சிற்றாம் ஓர் ஆட்சி.

நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கில் அவர்கள் பெயர் வெளியிடப்படவில்லை. பெயர் மறைக்கப்பட்ட எவரையும் குறிக்க அந்நாட்டு நீதிமன்றங்கள் வழங்கும் 'டோ' என்ற சொல்லே அவர்களுக்கும் பெயராயிற்று. கல்வி அதிகாரியின் பெயர் ஜேம்ஸ் பிளைலர். ஆகவே வழக்கு 'பிளைலர் எதிர் டோ' என்று வரலாற்றில் நின்றது. ஒரு பக்கம் பட்டமும் பதவியும் உள்ள பெயர். மறு பக்கம் பெயரே இல்லாத பெயர்!

விசாரணை பொழுது விடியும் நேரத்தில் வைக்கப்பட்டது. ஊர் கண் விழிக்குமுன் அந்தக் குடும்பங்கள் வந்து போக வேண்டும் என்பதற்காக. அவர்கள் எப்படி வந்தனர் தெரியுமா? வீட்டுச் சாமான்களை எல்லாம் மூட்டை கட்டிக் காரில் ஏற்றிக் கொண்டு வந்தனர். நீதிமன்றப் படியிலேயே பிடித்து நாடு கடத்தி விடுவார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தோடுதான், "என் பிள்ளை படிக்க வேண்டும்" என்று சொல்ல அவர்கள் வந்து நின்றார்கள். கல்வியின் மதிப்பை விளக்க நாம் ஆயிரம் மேடைகளில் பேசுகிறோம். அந்த மூட்டைகள் பேசியதை விடவா நாம் பேசிவிட முடியும்?

வழக்கைக் கேட்டவர் வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் என்ற நீதிபதி. டெக்சாஸ் பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கும் வழக்கத்தை ஒழிக்கக் கட்டளையிட்டு, அதனால் பலரின் பகையைத் தேடிக் கொண்டவர். பிள்ளைகளைச் சேர்த்துக் கொள்ளுமாறு அவர் ஆணையிட்டார். வழக்கு மேலே சென்றது. 1982-ம் ஆண்டு ஜூன் 15-ம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவர் ஒரு புறமும் நால்வர் மறு புறமுமாக நின்று, பிள்ளைகள் பக்கமே தீர்ப்பளித்தது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். 1868-ல் இயற்றப்பட்ட பதினான்காம் அரசியல் சட்டத் திருத்தம், சட்டத்தின் சமப் பாதுகாப்பைக் 'குடிமகனுக்கு' மட்டும் தருவதாகச் சொல்லவில்லை. எந்த 'மனிதனுக்கும்' மறுக்கலாகாது என்றே சொல்கிறது. சீனச் சலவைத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில் 1886-லேயே அந்தச் சொல்லுக்கு அப்படித்தான் பொருள் கொள்ளப்பட்டது. அதே சொல்லைப் பிடித்துக்கொண்டார் பிரென்னன். பெற்றோரின் நடத்தையை மாற்றும் ஆற்றல் பிள்ளைக்கு உண்டா? தன் நிலையைத் தானே மாற்றிக் கொள்ளும் ஆற்றல் உண்டா? இல்லை. அப்படியிருக்கத் தண்டனையைப் பிள்ளை மீது சுமத்துவது நீதியாகுமா? எழுத்தறிவு இல்லாத களங்கம் வாழ்நாள் முழுதும் அந்தப் பிள்ளையைத் தொடராதா? இதுவே அவர் வாதத்தின் சாரம்.

அத்தீர்ப்பில் மற்றொரு சொல்லும் வருகிறது. நாம் கூர்ந்து நோக்க வேண்டிய சொல். தாள் இல்லாதவர்களை நாட்டில் வைத்துக்கொண்டே, உழைப்பை வாங்கிக் கொண்டே, உரிமையை மறுத்தால், நிலையான ஒரு 'சாதி' உருவாகிவிடும் என்று எச்சரித்தார் பிரென்னன். ஆம், சாதி என்ற அதே சொல்! நம் மண்ணில் பிறந்த அந்த நோயின் பெயரைத்தான், அங்கே பிறக்கவிருந்த நோய்க்கும் இட்டார் அவர். அவரோடு சேர்ந்து நின்ற ஐவரில் ஒருவர் தர்குட் மார்ஷல். கறுப்பினப் பிள்ளைகளுக்காக வழக்காடி, 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை வீழ்த்திய அதே வழக்கறிஞர், அப்போது நீதிபதியாக அமர்ந்திருந்தார்.

தோற்றுப்போன பிளைலர் என்ன ஆனார்? இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்த வழக்கில் தாம் தோற்றதே நல்லதாயிற்று என்று அவரே கூறினார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு, இந்த வரலாற்றிலேயே மிக இனிய செய்தி இதுதான்.

எல்லை எப்படிக் குற்றமாயிற்று?

"சட்டத்தை மீறி வந்தவர்கள்" என்கிறார்கள். சரி, அந்தச் சட்டம் எப்போது வந்தது? அமெரிக்கா என்பதே வந்தேறிகளால் ஆன நாடு. 1882-ல் சீனத் தொழிலாளரைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றினார்கள். 1924-ல் நாடுவாரியாக எண்ணிக்கை வகுத்து, வட ஐரோப்பியருக்கு வாயிலைத் திறந்தும் பிறருக்கு அடைத்தும் வைத்தார்கள். மெக்சிகோ மக்களுக்கோ அப்போதும் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஏன்? வயலில் கூலி வேண்டுமே! 1942 முதல் 1964 வரை, 'பிரசெரோ' என்ற ஒப்பந்தத் திட்டத்தின் கீழ், 46 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் மூலம் மெக்சிகோ உழைப்பாளரை அமெரிக்க அரசே அழைத்து வந்தது. திட்டம் 1964-ல் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு வந்த குடிவரவுச் சட்டம், இன வெறி கலந்த பழைய நாடுவாரிக் கணக்கை ஒழித்தது; அது நல்லது. ஆனால் மேற்கு அரைக்கோளத்து நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 என்று முதன்முறையாக ஒரு வரம்பையும் கட்டியது.

விளைவு என்ன? வயல் அதேதான், முதலாளி அதே முதலாளி, கூலியும் அதே கூலி. நேற்று வரை 'விருந்தாளித் தொழிலாளி', இன்று 'சட்ட விரோதி'! நதியைக் கடந்தவன் மாறவில்லை. நதிக்கரையில் நட்ட பலகையில்தான் எழுத்து மாறியது.

முன்பெல்லாம் உழவன் அறுவடைக்கு வந்தான். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினான். 1990-களில் எல்லையில் வேலியும் காவலும் பெருகின. திரும்பிப் போனால் மறுபடி வருவது அரிது என்றாயிற்று. ஆகவே வந்தவன் தங்கினான். பிரிந்திருக்க முடியாமல் மனைவியையும் மக்களையும் வரவழைத்தான். தாயின் தோளில் தூங்கியபடி, காரின் பின் இருக்கையில் படுத்தபடி, சுற்றுலா அனுமதியோடு விமானத்தில் அமர்ந்தபடி எல்லையைக் கடந்த குழந்தைகள் பல இலட்சம். மெக்சிகோவிலிருந்து மட்டுமல்ல, எல் சால்வடார், குவாத்தமாலா, பெரு, தென் கொரியா, பிலிப்பைன்ஸ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் உண்டு.

அதற்கு முன்பும் இத்தகைய பிள்ளைகள் இருந்தனர். 1906-ம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பதிவேடுகளைச் சாம்பலாக்கின. அங்கு வாழ்ந்த சீனர் பலர், "நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள்" என்று கூற வழி பிறந்தது. அவர்களின் மகன்கள் என்று தாளில் பெயர் பெற்ற சிறுவர்கள் கடல் கடந்து வந்தனர். 'தாள் மகன்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் அச்சிறுவர்களை நிறுத்தி வைத்து, உன் வீட்டுக்கு எத்தனை படிகள், கிணறு எந்தத் திசையில் என்று துருவித் துருவிக் கேட்டனர். சிறுவன் மனப்பாடம் செய்து ஒப்பித்தான். தவறினால் கப்பலில் திருப்பி அனுப்பினர். தாளில் இருந்தால் மகன், தாளில் இல்லாவிட்டால் எவனோ! மனிதனைத் தாள் பெற்றெடுக்கும் விந்தை அன்றே தொடங்கிவிட்டது.

பதினெட்டு வயதில் அந்நியர்

பிளைலர் தீர்ப்பு பள்ளிக் கதவைத் திறந்தது. 1994-ல் கலிபோர்னியா மாநில வாக்காளர், தாளில்லாப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கும் 187-ம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, நீதிமன்றங்கள் அதைத் தடுத்து நிறுத்துவதற்கும் அந்தத் தீர்ப்பே கேடயமாயிற்று. ஆனால் பள்ளி முடிந்த மறுநாள்?

பன்னிரண்டு ஆண்டுகள் மற்றப் பிள்ளைகளோடு படித்தான். அதே கொடிக்கு வணக்கம் செலுத்தினான். அதே பாட்டைப் பாடினான். ஆங்கிலத்தில் கனவு கண்டான். பதினெட்டாம் வயதில் நண்பர்கள் கார் ஓட்ட உரிமம் வாங்கப் போனார்கள், இவனும் போனான். அங்கேதான் தெரிந்தது, தான் இந்நாட்டான் அல்லன் என்று! பிலிப்பைன்சிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்த ஹோசே அன்டோனியோ வர்காஸ் என்பவர், பதினாறு வயதில், உரிமம் கேட்கச் சென்ற அலுவலகத்தில்தான் தம் அட்டை போலி என்று அறிந்தார். பின்னர் வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டில் செய்தியாளராகி, 2008-ல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இடம் பெற்றார். 2011-ல் தம் நிலையைத் தாமே எழுதி உலகறியச் செய்தார். பரிசு கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, அவருக்கு ஒரு தாள் கொடுக்க வழி தெரியவில்லை!

"முறைப்படி விண்ணப்பித்து வரிசையில் நிற்கலாமே?" என்பார் சிலர். நியாயமான கேள்விதான், விடையும் கேளுங்கள். இவர்களுக்கென்று வரிசையே இல்லை. 1986-ல் குடியரசுத் தலைவர் ரீகன் கையொப்பமிட்ட சட்டம், 1982-ம் ஆண்டு பிறக்குமுன் வந்து தங்கியவர்களுக்கும் வயல் தொழிலாளர் சிலருக்கும் வழி திறந்தது. ஏறத்தாழ 27 இலட்சம் பேர் நிலை பெற்றனர். பின்னர் வந்தவர்களுக்கு அது உதவாது. 1996-ல் கிளிண்டன் காலத்தில் வந்த சட்டமோ மேலும் ஒரு பூட்டைப் போட்டது. அனுமதியின்றி ஓராண்டு தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால், பத்து ஆண்டுகள் திரும்பி வரத் தடை. பதினெட்டு வயது நிரம்பிய நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். அதாவது, வரிசையில் நிற்க ஊருக்குப் போ என்கிறார்கள். போனால், போனதற்கே தண்டனை என்கிறார்கள். அவர்கள் சொல்லும் 'ஊர்' எது? நினைவில் இல்லாத ஊர்! பேசத் தெரியாத மொழி பேசும் ஊர்!

கனவு என்ற பெயரில் ஒரு சட்டம்

2001-ம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், குடியரசுக் கட்சியின் ஆரின் ஹாட்ச், ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் டர்பின் ஆகிய இருவரும் இணைந்து செனட் சபையில் ஒரு மசோதாவை முன்வைத்தனர். குழந்தைப் பருவத்தில் கொண்டு வரப்பட்டவர்கள், படித்தோ படையில் சேர்ந்தோ தகுதி காட்டினால் நிலையான வாழ்வுரிமை பெறலாம் என்பது அதன் நோக்கம். ஆங்கிலத்தில் அதன் பெயர்ச் சுருக்கம் 'ட்ரீம்', அதாவது கனவு. அந்த இளைஞர்களுக்கும் 'ட்ரீமர்' என்ற பெயர் ஒட்டிக் கொண்டது. ஆனால் அடுத்த திங்களே செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. அயலார் என்றாலே ஐயம் என்ற காற்று வீசியது. மசோதா மூலையில் ஒதுங்கியது.

2007-ல் செனட் சபையில் அது மீண்டும் வந்தது. தேவை 60 வாக்கு, கிடைத்தது 52. 2010 டிசம்பர் 8-ம் நாள் பிரதிநிதிகள் சபை 216-க்கு 198 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பத்து நாள் கழித்துச் செனட்டில் 55 வாக்கு. ஐந்து வாக்குக் குறைவினால் பல இலட்சம் இளைஞர் வாழ்வு அந்தரத்தில் நின்றது. பெரும்பான்மை கிடைத்தும் தோல்வி. மக்களாட்சியின் விந்தைக் கணக்கு அது!

ஆனால் தலைவர்கள் தயங்கியபோது இளைஞர்கள் எழுந்தார்கள். இந்தப் பகுதியைத்தான் நம் தோழர்கள் நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும். 2010 ஜனவரி முதல் நாள், நான்கு மாணவர்கள் மயாமி நகரிலிருந்து தலைநகர் வாஷிங்டன் நோக்கி நடக்கத் தொடங்கினர். 1,500 மைல் நடை! வழியில் எந்த ஊரிலும் பிடிபடலாம் என்று தெரிந்தே நடந்தனர். அவ்வாண்டு மார்ச்சு 10-ம் நாள் சிகாகோ நகரத்துச் சதுக்கத்தில், இளைஞர்கள் மேடையேறித் தம் பெயரைச் சொல்லி, "எங்களிடம் தாள் இல்லை, ஆனால் அச்சமும் இல்லை" என்ற பொருள்பட முழங்கினர். 1977-ல் பெற்றோர் பெயரை மறைத்துக் கொண்டு விடியலில் வந்தனர். 2010-ல் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கொண்டு பட்டப்பகலில் நின்றனர். இடையே நடந்தது என்ன? பள்ளிப் படிப்பு!

அதே ஆண்டு மே 17-ம் நாள், பட்டமளிப்பு விழாவின் அங்கியும் தொப்பியும் அணிந்து, அரிசோனாவில் செனட்டர் மக்கெய்னின் அலுவலகத்தில் மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திக் கைதாயினர். மே 17, பள்ளிகளில் நிறப் பிரிவினையை வீழ்த்திய தீர்ப்பு வந்த நாள். வரலாறு படித்தவர்களின் போராட்டம் அது.

இரண்டாண்டு நிழல்

2012-ம் ஆண்டு ஜூன் 15-ம் நாள். பிளைலர் தீர்ப்புக்குச் சரியாக முப்பது ஆண்டு. குடியரசுத் தலைவர் ஒபாமா ஒரு திட்டத்தை அறிவித்தார். 'டாக்கா' என்று சுருக்கமாக வழங்கும் அதன் பொருள், குழந்தையாக வந்தவர்கள் மீது நடவடிக்கையைத் தள்ளி வைத்தல் என்பதாகும். பதினாறு வயதுக்குமுன் வந்திருக்க வேண்டும். 2007 ஜூன் 15 முதல் இடைவிடாது வாழ்ந்திருக்க வேண்டும். அறிவித்த நாளில் 31 வயது நிரம்பாதிருக்க வேண்டும். படித்துக் கொண்டோ, பள்ளி முடித்தோ, படையில் பணியாற்றியோ இருக்க வேண்டும். பெருங்குற்றம் எதுவும் செய்திருக்கலாகாது. அன்றைய கட்டணமாகிய 465 டாலரைக் கட்டி விண்ணப்பித்தால், இரண்டு ஆண்டுகளுக்கு நாடு கடத்தப்படாமல் பாதுகாப்பு. வேலை செய்ய அனுமதி. இரண்டு ஆண்டு முடிந்தால் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கட்டணம், மீண்டும் காத்திருப்பு.

குடியுரிமை அல்ல இது. நிலையான வாழ்வுரிமையும் அல்ல. வெயிலில் நின்றவனுக்குக் கிடைத்த இரண்டாண்டு நிழல். ஆயினும் அந்த நிழலில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒதுங்கினர். ஆசிரியராயினர், செவிலியராயினர், மருத்துவராயினர், வரி செலுத்தினர், வீடு வாங்கினர், பெற்றோராயினர். அவர்கள் பெற்ற பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள்! தாத்தா அயலான், தந்தை தள்ளி வைக்கப்பட்டவன், பேரன் குடிமகன். ஒரே வீட்டில் மூன்று படிநிலை.

2017 செப்டம்பர் 5-ம் நாள், டிரம்ப் ஆட்சி இத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் முதன்மையானது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். அதன் தலைவராக அப்போதிருந்தவர் ஜேனட் நபொலிட்டானோ. 2012-ல் அமைச்சராக இருந்து இத்திட்டத்துக்கான ஆணையில் கையொப்பமிட்டவர் அவரே. 2020 ஜூன் 18-ம் நாள், உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், திட்டத்தை நிறுத்திய முறை தான்தோன்றித்தனமானது என்று கூறி அதைச் செல்லாதாக்கியது. திட்டம் சரியா தவறா என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. நிறுத்திய முறை தவறு என்று மட்டுமே சொன்னது.

டெக்சாஸ் மாநிலம் மறுபடி களம் புகுந்தது. 2021 ஜூலையில் அங்குள்ள கூட்டாட்சி நீதிபதி ஒருவர் திட்டமே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஏற்கெனவே பெற்றவர்கள் புதுப்பிக்கலாம். புதியவர்களுக்கு வாயில் அடைப்பு. 2019-லும் 2021-லும் பிரதிநிதிகள் சபை நிலையான தீர்வுக்கான மசோதாக்களை நிறைவேற்றியது. செனட் சபை அவற்றைச் சட்டமாக்கவில்லை. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், திட்டத்தின் முக்கியப் பகுதிகள் சட்டத்துக்கு மாறானவை என்றே கூறி, தடையை டெக்சாஸ் மாநில அளவுக்குச் சுருக்கியது. அவ்வாண்டிலேயே பாதுகாப்புத் தாள் கையில் வைத்திருந்தவர்களும் சிலர் கைது செய்யப்பட்டனர். 2001 முதல் டெக்சாஸ் கல்லூரிகளில் இம்மாணவர்கள் உள்மாநிலக் கட்டணத்தில் படிக்க வகை செய்திருந்த சட்டமும் 2025 ஜூனில் வீழ்த்தப்பட்டது. டைலர் நகரத்தில் தொடங்கிய கதை, சுற்றிச் சுற்றி அதே மாநிலத்துக்கே வந்து நிற்கிறது.

மறுப்பாரின் வாதம்

எதிர்த் தரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது பகுத்தறிவாகாது. அவர்கள் கூறுவது என்ன? முதலாவது, சட்டம் இயற்றுவது காங்கிரசின் உரிமை. குடியரசுத் தலைவர் ஆணையால் இலட்சக்கணக்கானோருக்குச் சலுகை வழங்கலாகாது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. 1982-ல் மறுத்து எழுதிய தலைமை நீதிபதி பர்கர்கூட, பிள்ளைகளைப் படிக்கவிடாமல் செய்வது அறிவுடைமை அன்று என்று ஒப்புக் கொண்டார். ஆனால் அதைத் திருத்துவது சட்டமன்றத்தின் கடமை, நீதிமன்றத்தின் வேலையன்று என்றார். நல்லது, அப்படியானால் 2001 முதல் அந்தச் சட்டமன்றம் செய்தது என்ன? கடமை என்று உரிமை கொண்டாடுபவர்கள் கடமையைச் செய்துவிட்டல்லவா பேச வேண்டும்?

இரண்டாவது, "பிள்ளைகளுக்கு இரங்கினால், மேலும் பலர் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு வருவார்கள்." இதில் ஒளிந்திருப்பது என்ன? நாளை வரக்கூடிய எவனையோ அச்சுறுத்த, இன்று இங்கிருக்கும் பிள்ளையைத் தண்டி என்பது. பிறர்க்குப் பாடமாக ஒரு குழந்தையைக் கழுவில் ஏற்றும் நியாயம்!

அமெரிக்க அரசியல் சட்டமே இதை ஏற்கவில்லை. 1787-ல் அதை வகுத்தவர்கள், நாட்டுக்கு இரண்டகம் செய்தவனின் குற்றம்கூட அவன் குருதி வழியே வாரிசுகளைத் தொடரலாகாது என்று எழுதி வைத்தனர். இரண்டகனின் மகனுக்குக் கிடைக்கும் நீதி, தோட்டக்காரனின் மகனுக்கு இல்லையா?

நம் தரப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 'ஏதுமறியாப் பிள்ளைகள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, 'குற்றவாளிப் பெற்றோர்' என்று சொல்லாமற் சொல்கிறோம். இதை உணர்ந்து முதலில் எதிர்த்தவர்கள் அந்த இளைஞர்களே. "எங்களுக்கு நல்வாழ்வு வேண்டும் என்று எண்ணியதுதானா எங்கள் பெற்றோர் செய்த பாவம்?" என்று கேட்டனர். பிள்ளையைக் காப்பாற்றப் பெற்றோரைப் பழித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையே அறத்துக்கு ஏற்றதன்று.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம்

இது எங்கோ நடக்கும் கதையா? அமெரிக்காவில் முறையான வேலை அனுமதியோடு வாழும் இந்தியர், அவர்களுள் தமிழர் பலர், தம் பிள்ளைகளை விவரம் அறியா வயதில் அழைத்துச் சென்றனர். நாடுவாரி வரம்பினால் பெற்றோரின் நிலைத்த உரிமை விண்ணப்பம் பல பத்தாண்டு பின்தங்கிக் கிடக்கிறது. பிள்ளைக்கு 21 வயது நிறைந்ததும் பெற்றோரைச் சார்ந்த அனுமதி அற்றுப் போகிறது. டாக்கா இவர்களுக்கு உதவாது. ஏனெனில் 2012 ஜூன் 15-ல் அனுமதி இல்லாதிருந்தவருக்கே அத்திட்டம். தாள் இல்லாதவனுக்குத் தாள் இல்லாததே குறை. இவர்களுக்குத் தாள் இருந்ததே குறை!

இன்னும் அருகே பாருங்கள். 1983 ஜூலைக் கொடுமைக்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த நம் உடன்பிறப்புகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கின்றனர். தாயின் இடுப்பில் வந்த குழந்தை இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டது. இங்கேயே பிறந்தவர்களும் உண்டு. ஆனால் 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பிறப்பு மட்டும் குடியுரிமை தராது. 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது; இலங்கை அதில் இல்லை. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, தாள் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025-ல் இந்திய அரசு விலக்களித்தது. தண்டனை நீங்கியது, ஆனால் அந்த விலக்கு குடியுரிமை ஆகிவிடவில்லை. இதுவும் நிழல்தானே?

தோழர்களே! முற்பிறவியில் செய்த வினைக்கு இப்பிறவியில் தண்டனை என்று நம் முன்னோரிடம் சொன்னார்கள். அந்தப் புரட்டை நாம் கேள்வி கேட்டோம். தாழ்ந்த குடியில் பிறந்தது உன் வினை, பொறுத்துக் கொள் என்றவர்களிடம், செய்தது எப்போது, கண்டது யார் என்று கேட்டோம். இன்று தாள் வடிவில் வந்து நிற்பதும் அதே வினைக் கொள்கைதான். முற்பிறவி என்பதற்குப் பதில் பெற்றோரின் பயணம். வினை என்பதற்குப் பதில் குடிவரவுச் சட்டம். தான் செய்யாததற்குத் தான் தண்டனை பெறுதல் என்பதில் மாற்றம் இல்லை.

அடுத்த ஜூனில் மீண்டும் பதிவேட்டை விரிப்போம். ஒரு பிள்ளை வந்து நிற்கும். பெயரைக் கேட்போம், எழுதுவோம். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் எது எழுதப்பட்டாலும், எதுவும் எழுதப்படாமல் போனாலும், முதல் வரிசையில் இடம் காட்டி உட்கார வைப்போம். டைலர் நகரத்துப் பெற்றோர் மூட்டை முடிச்சோடு விடியலில் வந்து கேட்டது அந்த இடத்தைத்தான். அதைக் கொடுக்கச் சட்டம் தயங்கும் நாளிலும் கொடுக்கத் தயங்காத ஆசிரியர்களாக, அதற்காகச் சட்டத்தை மாற்றப் போராடும் இளைஞர்களாக நாம் இருப்போம்.